மஞ்சள் விளக்கும் ஐந்தெழுத்துச் சாட்சியமும்



சென்ற இதழில், பழைய கார் வாங்குவோர் சரிபார்க்க வேண்டிய பத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்துவிட்டுக் கீழக்கரையிலிருந்து சகோதரி ஒருவர் நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். அவருடைய கணவர் அயல்நாட்டில் பணிபுரிகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மாமியாரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல வீட்டுக் காரை இவரே ஓட்டுகிறார். ஒருநாள் ஸ்பீடாமீட்டருக்கு அருகில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பிற்குக் கொண்டு சென்றார். கையடக்கமான ஒரு கருவியைக் காரில் சொருகிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்றார்கள். பெருந்தொகை கொடுத்து அதனை மாற்றினார். ஐந்தாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. இப்பொழுது பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்கிறார்களாம். "நான் தயங்கினால், 'நாங்களா சொல்கிறோம், ஸ்கேனரே சொல்கிறதே' என்று காட்டுகிறார்கள். இயந்திரம் சொல்வதை நான் எவ்வாறு மறுப்பேன்?" என்று கேட்டு, கருவியில் தெரிந்த எழுத்தையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து அனுப்பியிருந்தார். அதில் 'பி 0171' என்றிருந்தது.

நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் இக்கருவி பேசும் மொழி மிகச் சிறியது. எழுத்தறிந்த எவரும் ஓரிரு மாலைப்பொழுதுகளில் கற்றுக்கொள்ளலாம். அவ்வாறு கற்றவர், 'பி 0171' என்பதில் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது என்றோ, பம்ப் பழுது என்றோ ஒரு சொல்லும் இல்லை என்பதை உடனே கண்டுகொள்வார். அக்குறியீட்டின் பொருள் இதுதான்: எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஏன் அவ்வாறாயிற்று என்று அது கூறவில்லை. அதனைக் கண்டறிவது மனிதனின் வேலை.

இக்கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பல்லாண்டுகளாகப் புகைமூட்டம் வாட்டி வந்தது. கார்களின் புகையைக் கட்டுப்படுத்த முனைந்த கலிபோர்னியா மாநிலக் காற்றுவள வாரியம், 1988 மாடல் முதல், தன் குறையைத் தானே கண்டறிந்து விளக்கேற்றிக் காட்டும் அமைப்பு கார்களில் இருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆனால், அக்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் சொருகுமுனையும் வெவ்வேறு, குறியீடுகளும் வெவ்வேறு. சில கார்களில் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்! 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திற்கும் ஒரே வடிவச் சொருகுமுனையும் பொதுவான குறியீடுகளும் கட்டாயமாயின. இதுவே ஓ.பி.டி. இரண்டு எனப்படுகிறது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகள் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபொழுது இதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆகவே, உங்கள் கார் 2013க்குப் பின் வெளிவந்ததாயின் பெரும்பாலும் அதில் இவ்வசதி இருக்கும்.

ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம், கால் வைக்கும் இடத்திற்கு மேலே குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், 16 முனைகளுடன் ஒரு சொருகுமுனை இருக்கும். சில கார்களில் சிறு மூடியால் மறைக்கப்பட்டிருக்கும். வடிவம் அவ்வாறிருப்பதால் கருவியைத் தலைகீழாகச் சொருக இயலாது. சொருகியபின் சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் நிறுத்தினாலே கருவி காருடன் பேசத் தொடங்கும். தனித்திரையுள்ள எளிய கருவிகள் ஓரிரு ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. கைப்பேசியுடன் புளூடூத் வழி இணைவன இன்னும் மலிவு. மலிவானவற்றுள் போலிகள் மிகுதி. சில, காருடன் இணையவே மறுக்கும். வாங்கும்பொழுது ஒன்றை மட்டும் கேளுங்கள்: குறியீட்டைப் படிப்பதோடு, எஞ்சின் ஓடும்பொழுதுள்ள அளவுகளையும் காட்டுமா? காட்டாதெனில் அது பாதிக் கருவியே.

குறியீட்டில் மொத்தம் ஐந்து இடங்கள். முதலிடத்தில் ஆங்கில எழுத்து. எஞ்சின், கியர் தொடர்பானவை ஒருவகை. வண்டியின் உடல், ஏர்பேக் போன்றவை ஒருவகை. பிரேக், ஸ்டியரிங் ஒருவகை. காரினுள் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி ஒருவகை. இங்கு நான் குறிப்பிடுவன எல்லாம் எஞ்சினைச் சேர்ந்தவை. இரண்டாம் இடத்தில் சுழி இருந்தால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடு. ஒன்று இருந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது. மூன்றாம் இடம் பகுதியைக் குறிக்கும்: ஒன்று என்றால் காற்றும் எரிபொருளும், மூன்று என்றால் தீப்பொறி, நான்கு என்றால் புகைக்கட்டுப்பாடு. கடைசி இரண்டு எண்கள் குறிப்பிட்ட குறையைச் சொல்லும்.

நீதிமன்றம் சென்றவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். சாட்சி, தான் கண்டதைச் சொல்வார். "அந்தி வேளையில் அந்தத் தெருவில் ஒருவர் ஓடுவதைக் கண்டேன்" என்பார். ஓடியவர்தாம் திருடியவர் என்று முடிவு கட்டுவது நீதிபதியின் பணி. அதற்கு முன் குறுக்கு விசாரணை நடந்தாக வேண்டும். ஸ்கேனர் தருவது சாட்சியம். நம் ஒர்க்‌ஷாப்புகள் பலவற்றில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. தண்டத்தை நம் பணப்பை கட்டுகிறது.

சகோதரியின் 'பி 0171'க்கு வருவோம். பெட்ரோல் ஒழுங்காக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்தபின் வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் ஓயாமல் பார்த்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதனைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. குழம்பைச் சுவைத்துப் பார்த்து உப்புச் சேர்ப்பது போலத்தான். சென்சார் இங்கே நாக்கு. எவ்வளவு கூட்டியும் போதவில்லை என்று ஓர் எல்லையை எட்டும்பொழுது கம்ப்யூட்டர் இக்குறியீட்டைப் பதிவுசெய்து விளக்கை ஏற்றுகிறது. நாக்கு "உப்புப் போதவில்லை" என்று உண்மை சொல்ல, நாம் நாக்கையே மாற்றிவிட்டால் குழம்பு சுவைக்குமா? நாக்கும் சில வேளை மரத்துப்போகும் என்பது உண்மையே. ஆனால், சென்சார் பழுதுபட்டதைச் சொல்லப் பெரும்பாலும் வேறு குறியீடுகள் உண்டு. எடுத்துக்காட்டாக, அதனைச் சூடேற்றும் கம்பிச்சுருள் வேலை செய்யாவிடில் 'பி 0135' வரும்.

கலவையில் பெட்ரோல் குறையப் பல காரணங்கள் இருக்கலாம். அளக்கப்படாத காற்று எங்கோ ஒரு கீறல் வழியே நுழையலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்து, உள்ளே செல்லும் காற்றைக் குறைத்துக் காட்டலாம். பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் நலிந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்து, வெளிக்காற்று கலந்து, சென்சாரை ஏமாற்றவும் கூடும். இவற்றுள் எது என்பதைப் பிரித்தறிய அதே கையடக்கக் கருவி உதவும். எஞ்சின் ஓடும்பொழுது காட்டும் அளவுகளுள் 'பியூயல் டிரிம்' என்று ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் தன் கணக்கிற்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. உடனடி அளவு ஒன்று, நாட்பட்ட அளவு ஒன்று என இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குள் மேலும் கீழும் அசைந்தால் கவலையில்லை.

இனி விசாரணை. காரை நிறுத்திய நிலையில், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஓடவிட்டு இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து, நிமிடத்திற்கு 2,500 சுற்று என்ற வேகத்தில் நிலையாக வைத்து மீண்டும் பாருங்கள். நின்ற நிலையில் எண் மிக உயர்ந்தும், வேகம் கூட்டியவுடன் தாழ்ந்தும் வந்தால், கீறலின் மீது ஐயம் கொள்ளலாம். எஞ்சின் குறைவாகக் காற்றை இழுக்கும்பொழுது கள்ளத்தனமாக நுழையும் காற்று பெரும்பங்காகத் தெரிகிறது. நிறைய இழுக்கும்பொழுது அதுவே சிறுபங்காகிவிடுகிறது. இதற்கு மாறாக, நின்ற நிலையில் ஓரளவு சரியாக இருந்து, மேட்டில் ஏறும்பொழுதும் சுமை இழுக்கும்பொழுதும் எண் உயர்ந்தால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள். அப்பொழுது பில்டரையும் பம்பையும் பார்க்கலாம். இது காற்றை நேரடியாக அளக்கும் சென்சாருள்ள கார்களுக்குப் பொருந்தும். நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் காற்றழுத்தத்தை மட்டும் அளக்கும் சென்சார்தான் உள்ளது. அவற்றில் இத்தகைய கீறல் இருந்தால், எஞ்சின் நின்ற நிலையில் வழக்கத்தை விட வேகமாகச் சுற்றுவதே முதல் அடையாளமாகத் தெரியும்.

அச்சகோதரிக்கு இவ்வளவையும் தனி மடலில் எழுதினேன். அவருடைய தம்பி கருவி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார். நின்ற நிலையில் 24, வேகத்தில் 7. அந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போயிருக்கிறார்கள். அந்த மெக்கானிக் கருவியைத் தொடவே இல்லையாம். ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரல்களால் விரித்துப் பார்த்தார். அடிப்பக்க மடிப்பில் இரண்டு அங்குலக் கீறல்! சில நூறு ரூபாயில் குழாயை மாற்றியதுடன் காரியம் முடிந்தது. முதலில் மாற்றிய சென்சாருக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. பம்புக்குக் கொடுக்கவிருந்த பணம் தப்பியது. இதுபோன்ற கீறலைத் தேட, எஞ்சின் ஓடும்பொழுது எளிதில் தீப்பற்றும் திரவத்தைக் குழாய்கள் மீது பீய்ச்சுவோர் உண்டு. வீட்டில் யாரும் அதனைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன், செலவே இல்லாதது. 'பி 0302' என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். "இக்னிஷன் காயில் போய்விட்டது" என்பார்கள். போயிருக்கலாம். ஸ்பார்க் பிளக்காகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம், சிலிண்டரில் அழுத்தமே இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள காராயின், எஞ்சின் ஆறியபின் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இம்முறை 'பி 0303' வந்தால் குற்றவாளி காயில்தான். கூடவே இடம் மாறிவிட்டது. மீண்டும் 'பி 0302' வந்தால் காயில் நிரபராதி. அடுத்துப் பிளக்கை இதே விதமாக மாற்றிப் பார்க்கலாம்.

இக்குறை இருக்கும்பொழுது மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதனை உருக்கிவிடும். அதன் விலை பல்லாயிரம் ரூபாய். அது பழுதானால் 'பி 0420' வரும். ஆனால் 'பி 0420' வந்தாலே அது பழுது என்று கொள்ளலாகாது. கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்ஸிஜன் சென்சார் உண்டு. முன்னது வழக்கமான வகையாயின், அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து ஆடிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் நலமாயிருந்தால் பின்னது ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கன்வர்ட்டர் மீது ஐயம் எழுகிறது. அப்பொழுதும் குழாயில் கசிவு உள்ளதா என்று பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். வேறொரு கோளாறு அதனைக் கெடுத்திருந்தால், அக்கோளாறை நீக்காமல் பொருத்தும் புதியதும் அதே வழியில் போகும்.

சிவப்பு விளக்குகளை இத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு ஆகியவற்றிற்கான சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்கேனரைத் தேடும் நேரமன்று; வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்ததையும், கிளட்ச் நழுவுவதையும், டயர் வழுக்கையானதையும் இக்கருவி சொல்லாது. எளிய கருவிகள் பலவற்றிற்கு ஏர்பேக், ஏ.பி.எஸ். பற்றிய குறியீடுகளைப் படிக்கவும் தெரியாது. "குறியீடு எதுவும் இல்லை" என்று திரையில் வந்துவிட்டால் கார் நலம் என்று எண்ணிவிடக் கூடாது.

மெக்கானிக்குகள் மீது மட்டும் பழிபோடுவதும் நியாயமன்று. நம்மில் எத்தனை பேர், "என்ன குறை என்று கண்டுபிடித்ததற்கு இவ்வளவு கூலி" என்று ஒருவர் கேட்டால் மனமுவந்து கொடுக்கிறோம்? "ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்றுதானே கேட்கிறோம்! ஒரு மணி நேரம் தேடியவருக்குக் கூலியில்லை, ஐந்து நிமிடத்தில் பொருளை மாற்றியவருக்கு உண்டு என்றால், அவர் பொருளைத்தான் மாற்றுவார். கண்டறியும் வேலைக்குத் தனியாகக் கூலி பேசிக்கொள்ளுங்கள். பின்பு, "குறியீடு என்ன? இந்தப் பொருள்தான் பழுது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் இக்கேள்விக்குச் சினம் கொள்வதில்லை, மகிழ்ச்சியோடு விளக்குவார்.

குறியீட்டை அழிக்கும் பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனை அழுத்தினால் விளக்கு அணையும், குறை நீங்காது. அத்துடன், குறை தோன்றிய நொடியில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருந்த பதிவும் அழிந்துபோகும். மெக்கானிக்கிற்கு அதுவே நல்ல தடயம். ஆகவே, எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே அழிக்க வேண்டும்.

இப்பொத்தானால் நடக்கும் மோசடி ஒன்றும் உண்டு. பழைய காரை விற்கும் நாளில், காலையில் குறியீட்டை அழித்துவிட்டு மாலையில் கொண்டுவந்து காட்டுவார்கள். விளக்கு எரியாது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து மேலே காய்ந்ததைப் பரப்பி வைக்கும் வணிகத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சென்ற இதழில் பத்திரங்களைப் பார்க்கச் சொன்னேன், இதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும், எஞ்சினை இயக்கும் முன்னர், அந்த மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லையெனில், விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். அடுத்து, ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் அங்கே வரிசையாக இருக்கும். நாள்தோறும் ஓடும் காரில் அவை பெரும்பாலும் முடிந்திருக்கும். அண்மையில் குறியீட்டை அழித்திருந்தாலோ, பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ பல சோதனைகள் 'முடியவில்லை' என்று நிற்கும். அவை முடிய, சில நாள்களேனும் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கார் ஓடியாக வேண்டும். "பேட்டரி மாற்றினேன்" என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். "அப்படியானால் சில நாள் ஓட்டுங்கள், அடுத்த வாரம் வந்து மீண்டும் பார்க்கிறேன், அதுவரை முன்பணம் இல்லை" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கருவியைப் பிடுங்கிவிடுங்கள். காரை அணைத்தபின்னும் அந்தச் சொருகுமுனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல நாள் அப்படியே விட்டுச் சென்றால், ஊரிலிருந்து திரும்பி வந்து சாவியைத் திருப்பும்பொழுது பேட்டரி இறங்கியிருக்கும்.